அலமாரித் தேங்காய்க்கு ஒரு தொப்பி

உல்லன் பின்னுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் யோசனைகளில் பாதிக்கு மேல் யோசனையே அல்ல. "கொஞ்சம் தளரப் போடுங்க" என்பார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? "ஒரு சாண் வந்ததும் கண்ணியைக் குறைங்க" என்பார்கள். யாருடைய சாண்? எங்கள் பின்னல் அறையில் அப்போது ஏழு பேர். ஏழு பேருடைய சாணையும் ஒருநாள் டேப் வைத்து அளந்தேன். சிறியது பதினேழு சென்டிமீட்டர். பெரியது என்னுடையது, இருபத்திரண்டரை. இதை நான் எடுத்துச் சொன்னபோது எல்லோரும் கையை விரித்து, பக்கத்தில் இருப்பவர் கையோடு ஒட்ட வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரும் டேப் வாங்கவில்லை.

நான் நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கல்வராயன் மலையில் சரிவும் புதருமாக இருந்த இடங்களில் சங்கிலி பிடித்து அளந்திருக்கிறேன். சாண் அகல வரப்புக்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போனதையும் பார்த்திருக்கிறேன். அளவு என்பது எனக்கு விளையாட்டு அல்ல.

விரல் மூட்டுகள் இறுகிப்போய், சட்டைப் பொத்தான் போட முடியாமல் இருந்தபோது, விரலுக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றார் டாக்டர். என் மனைவி அப்போது பின்னிக்கொண்டிருந்தாள். அவளிடம்தான் கற்றேன். ஊசியில் முதல் வரிசைக் கண்ணிகளை ஏற்றுவது, நேர்ப்பின்னல், மறுபின்னல், கடைசியில் கண்ணிகளை முடித்துக் கட்டுவது, இந்த நான்கும் தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் கணக்கு. நான் கற்றுக்கொண்ட கொஞ்ச நாளிலேயே அவள் பின்னுவதை விட்டுவிட்டாள். "நீங்க எண்ணிக்கினே இருந்தா எனக்கு கண்ணி நழுவுது" என்றாள். எண்ணாமல் எப்படிப் பின்னுவது என்று கேட்டேன். "நான் முப்பது வருஷமா எப்படிப் பின்னினேன்?" என்று கேட்டாள். ஆனால் அவள் பின்னிய ஸ்வெட்டரில் எனக்கு இடது கை வலது கையைவிட மூன்று சென்டிமீட்டர் நீளம் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் எங்கள் சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை உண்டு. சனிக்கிழமை மதியம் பின்னுகிறவர்கள் அங்கே கூடுவார்கள். சர்ச்சுக்காரர்கள் மட்டும் அல்ல, யார் வேண்டுமானாலும் வரலாம். நடத்துவது ஓய்வு பெற்ற ஒரு தலைமை ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர். கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு அம்மா டவுன் பஸ் பிடித்து வருவார். அவர்களுக்குக் கரும்பும் தென்னந்தோப்பும் உண்டு. இருந்த ஏழு பேரில் நான் ஒருவன்தான் ஆண். ஜன்னலோரம், வெளிச்சம் இடது தோளுக்கு மேல் விழுகிற இடத்தில் என் நாற்காலி. மற்ற நாட்களில் நான் பேசுவது மனைவியோடும் பால்காரரோடும்தான். பால்காரர் வண்டியை நிறுத்தாமலே பேசுவார். ஆகவே அந்த நாற்காலி எனக்கு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. அதிலிருந்துதான் என்னை எழுப்பிவிட்டார்கள்.

நடந்தது இதுதான்.

மலைமேல் ஒரு சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் நர்ஸ், டீச்சரிடம் முன்பு படித்தவர். அவர் ஒருநாள் போன் செய்தார். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாசம் முடியறதுக்கு முந்தியே பொறக்குற புள்ளைங்க டீச்சர். கை அளவுதான் இருக்கும். மேல பனி ஜாஸ்தி. கடையில வாங்குற தொப்பியப் போட்டா தோள் வரைக்கும் வருது. சின்னதா பின்னிக் குடுப்பீங்களா?"

"தலைச் சுற்றளவு என்னம்மா?" என்று நான்தான் கேட்டேன். வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

"முப்பத்தொண்ணு வச்சிக்குங்க சார். சென்டிமீட்டர்."

முப்பத்தொன்று. அதைவிடத் தெளிவாக ஒரு அளவைச் சொல்ல முடியாது. எங்கள் நூலுக்கும் ஊசிக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு கண்ணி. பின்னல் இழுத்தால் விரியும், அதற்காக மூன்று சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ள வேண்டும். இருபத்தெட்டு. ஐம்பத்தாறு கண்ணி. முடிந்தது கணக்கு. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கச்சிராயபாளையத்து அம்மா தன் பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து மேசைமேல் வைத்தார். டீச்சருக்குக் கொடுப்பதற்காக மட்டை உரித்து, குடுமி எடுத்துக் கொண்டுவந்த தேங்காய்.

"இந்தா இருக்குது புள்ள தல. இதுல மாட்டிப் பாத்துக்கினா ஆச்சு."

எல்லோரும் கைதட்டாத குறை. நான் டேப்பைச் சுற்றிப் பார்த்தேன். சரியாக முப்பத்தொன்று. அந்தத் தேங்காய் அப்படி இருந்தது என் கெட்ட காலம். முப்பத்துமூன்றாக இருந்திருந்தால் அன்றைக்கே அதைச் சட்னிக்கு அனுப்பியிருப்பேன். வேறு வழியில்லாமல் அதன் கண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். அளந்ததற்கு அடையாளம் வைப்பது என் பழக்கம்.

அன்றிலிருந்து அந்தத் தேங்காய்தான் எங்கள் அளவுகோல். ஊசியில் கண்ணி ஏற்றிக்கொண்டே வந்து, அந்த வரிசையைத் தேங்காயைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். முனைக்கும் முனைக்கும் இடையில் இரண்டு விரல், என் கணக்கில் மூன்று சென்டிமீட்டர், இடைவெளி இருந்தால் போதும், நிறுத்திவிடலாம். எத்தனை கண்ணி என்று யாரும் எண்ணவில்லை. ஆறு பேரும் தேங்காயைக் கை மாற்றிக் கை மாற்றிப் பின்னினார்கள். நான் மட்டும் ஐம்பத்தாறு எண்ணினேன். முதலில் பின்னிய தொப்பியை அந்தத் தேங்காய்க்கே மாட்டி, அலமாரியின் மேல் தட்டில் வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. முதல் மூட்டையில் பதினெட்டுத் தொப்பிகள் மலைக்குப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் போயின. எல்லாம் சரியாக இருக்கின்றன என்று நர்ஸ் சொன்னார். "தேங்காய் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் டீச்சர். தேங்காய் சொன்னதாம்.

இரண்டாவது மூட்டை தொடங்கியபோது நான் ஒரு யோசனை சொன்னேன். முதல் வரிசைக் கண்ணிகளை ஏற்றும்போது மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியில் ஏற்றிவிட்டு, அடுத்த வரிசையிலிருந்து வழக்கமான ஊசிக்கு மாறிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் விளிம்பு இறுகாது, பிஞ்சு நெற்றியில் தடம் விழாது. விளிம்பு மட்டும்தான் இளகும், தொப்பியின் சுற்றளவு மாறாது. பின்னல் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்கிற விஷயம் இது. செய்து காட்டினேன். அதிசயமாக ஆறு பேரும் அப்படியே செய்தார்கள். அந்த அறைக்குப் போன நான்கு வருடத்தில் என் பேச்சை அவர்கள் கேட்டது அது ஒருமுறைதான். கேட்காமலே இருந்திருக்கலாம்.

இருபத்தாறு தொப்பிகள் மலைக்குப் போயின. அடுத்த வாரமே மூட்டை திரும்பி வந்துவிட்டது. கூடவே நர்ஸ் சொல்லியனுப்பிய சேதி: தொப்பி கண்ணுக்குக் கீழே இறங்கி மூக்கை மூடுகிறது, குழந்தைக்குப் போட பயமாக இருக்கிறது.

மேசைமேல் தொப்பிகளைக் கொட்டினார்கள். நான் எண்ணினேன். இருபத்திரண்டு.

கச்சிராயபாளையத்து அம்மா ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தார். "பெரிய ஊசியில ஏத்தச் சொன்னீங்களே பெரியவரே, அதான் லொடலொடன்னு ஆயிடுச்சு. மொத தபா ஒழுங்காத்தான இருந்துச்சு?"

"விளிம்பு இளகுவதற்கும் தொப்பி பெரிதாவதற்கும் சம்பந்தம் இல்லை" என்றேன்.

"மொத தபா நீங்க யோசன சொல்லல, சரியா இருந்துச்சு. ரெண்டாந்தபா சொன்னீங்க, மூக்க மூடுது. இதுக்கு மேல இன்னா கணக்கு வேணும்?"

சிரித்தார்கள். சிரிக்கிற விஷயமா இது? ஒரு குழந்தையின் மூக்கை மூடிய தொப்பிக்கு நான் காரணம் என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். நான் பொறுமையாகவே பேசினேன். அனுப்பியது இருபத்தாறு, திரும்பியது இருபத்திரண்டு. வராத நான்கும் பச்சை. பச்சை நூலில் பின்னியது நான் மட்டும். என் தொப்பிகளிலும் முதல் வரிசை பெரிய ஊசியில் ஏற்றியதுதான். அவை சரியாக இருந்ததால்தான் நர்ஸ் வைத்துக்கொண்டார். என் யோசனை தப்பென்றால் என்னுடைய நான்கும் அல்லவா முதலில் திரும்பியிருக்க வேண்டும்?

"பஸ்ஸுல வுழுந்திருக்கும்" என்றார் ஒருவர்.

"பச்சை மட்டும் பொறுக்கி எடுத்து விழுமா?"

"உங்க கை இறுக்கம் சார். உங்களுக்குச் சரியா வரும். எங்களுக்கு அது ஒத்துவரல" என்றார் டீச்சர்.

நர்ஸுக்குப் போன் செய்து கேளுங்கள் என்றேன். அவர்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும், மேலே சிக்னலும் கிடைக்காது, ஏற்கனவே தலைகுனிவாக இருக்கிறது என்றார் டீச்சர். பிறகு, பள்ளிக்கூடத்தில் பையன்களை வெளியே நிற்கவைக்கும் அதே மெல்லிய குரலில் சொன்னார்: "சார், பனி கொட்டுது. நீங்க கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடுங்க. நாங்க சொல்லி அனுப்பறோம்."

என் பனியைப் பற்றி அவருக்கு என்ன கவலை? மலையில் கூடாரத்தில் மார்கழி முழுக்கப் படுத்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை வீட்டில் இருந்தேன். அதற்கு அடுத்ததும். யாரும் சொல்லி அனுப்பவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் "முதல் வரிசை யாரும் பெரிய ஊசியில் ஏற்ற வேண்டாம்" என்று டீச்சர் போட்டிருந்தார். அதன் கீழே ஐந்து கட்டை விரல்கள். என் பேரைப் போடவில்லையாம், மரியாதையாம். ஒரு நல்ல யோசனை, யாரோ எங்கேயோ எத்தனையோ தொப்பிகளைப் பாழாக்கிக் கண்டுபிடித்தது, கள்ளக்குறிச்சியில் என்னால் கெட்டுப்போனது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலி போனதும் பொறுக்கவில்லை, பொய் எதற்கு.

வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். பெரிய ஊசியில் ஏற்றி ஒரு தொப்பி, ஏற்றாமல் ஒரு தொப்பி. இரண்டுக்கும் ஐம்பத்தாறு கண்ணி. முடித்து டேப் வைத்தேன். சுற்றளவில் அரை சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. அப்படியானால் தப்பு வேறு எங்கேயோ இருக்கிறது. சமையலறைக்குப் போய் எங்கள் தேங்காய்களை எடுத்து அளக்க ஆரம்பித்தேன். காய்க்குக் காய் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, தேங்காயை வைத்து அளப்பது எவ்வளவு மடத்தனம் என்று எழுதி டீச்சருக்கு அனுப்புவது என் திட்டம்.

என் மனைவி அருவாமனையில் தேங்காய் துருவிக்கொண்டே பார்த்தாள். "ஏங்க, காலையிலேர்ந்து தேங்காய்க்கு டேப்பு சுத்திக்கினு இருக்கீங்களே, இன்னா, ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?"

முப்பத்தைந்து. முப்பத்தாறரை. முப்பத்தாறு. எங்கள் வீட்டுத் தேங்காய்கள் எல்லாமே பெரியவை. சந்தையில் ஒரே விலைக்கு இருக்கும் குவியலில் பெரியதாகப் பார்த்துப் பொறுக்குவது நான்தான்.

அவளிடம் நான் தேங்காய் விஷயத்தை அதுவரை சொன்னதில்லை. தொப்பி திரும்பி வந்ததும், என்னை அனுப்பிவிட்டதும் மட்டும் அவளுக்குத் தெரியும். படித்தவர்கள் கூடி ஒரு தேங்காயை அளவுகோலாக வைத்திருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? இப்போது சொன்னேன். அவள் துருவுவதை நிறுத்தினாள்.

"தலையில தொப்பி போட்டுக்கினு, அலமாரியில மேல் தட்டுல இருந்துச்சே, அதுவா?"

"அதேதான். உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் ஒடைச்சேன்."

நான் டேப்பைச் சுருட்டிக் கீழே வைத்தேன்.

"இன்னாங்க அப்படிப் பாக்கறீங்க? அறுப்பின் பண்டிகை அன்னிக்கு சர்ச்சுல அத்தன பேருக்கு இட்லி. சட்னிக்கு ஒரு காய் கம்மி ஆயிடுச்சு. கட தொறக்கல. அலமாரியில ஒண்ணு சும்மா கெடந்துச்சு. புள்ளைங்க யாரோ வெளையாட்டுக்கு தொப்பி மாட்டி வச்சிருக்குதுங்கன்னு நெனச்சேன். எடுத்து ஒடச்சிட்டேன். மறுநாளே நம்ம வூட்டுலேர்ந்து ஒண்ணு எடுத்துக்கினு போயி வச்சிட்டேனே. தேங்காய்க்கு தேங்கா. தொப்பியும் மாட்டினேன். கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, இழுத்து வுட்டேன்."

"எவ்வளவு இறுக்கம்?"

"இறுக்கம்னா இறுக்கம். இதுக்குமா டேப்பு?"

எல்லைக்கல்லை ராத்திரியோடு ராத்திரியாக நகர்த்துகிறவர்களைத் தேடியே என் உத்தியோகம் பாதி கழிந்தது. நட்ட கல்லை நம்பாதே, போய் அள என்று எனக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன். அப்படிப்பட்டவன் ஒரு தேங்காயை நம்பினேன். முதல் மூட்டை போன பிறகு வந்து உட்கார்ந்த, ஐந்து சென்டிமீட்டர் பெரிய காய். அதற்கேற்றபடி ஆறு பேரும் ஐம்பத்தாறுக்குப் பதில் அறுபத்தாறு கண்ணி ஏற்றியிருக்கிறார்கள். பத்துக் கண்ணி கூடியது ஒருவர் கைக்கும் தெரியவில்லை. கையே சொல்லும் என்பார்களே, அந்தக் கை. ஆறு பேரில் ஒருவர் ஒரே ஒரு தடவை எண்ணியிருந்தால் போதும்.

அந்தச் சட்னியைத் தொட்டுக்கொண்டு நான் ஐந்து இட்லி சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்று வேறு சொன்னேன்.

இதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குக் குழப்பம். சொன்னால் என் யோசனை பிழைக்கும், நாற்காலி திரும்பி வரும். ஆனால் மூக்கை மூடிய தொப்பி என் வீட்டுக்காரி தலையில் விழும். அவர்கள் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும். சொல்லாமல் விடவும் முடியாது, அந்தப் பெரிய தேங்காய் இன்னும் அலமாரியில் இருக்கிறது. மூன்றாவது மூட்டைக்கும் அதை வைத்துத்தான் பின்னிக்கொண்டிருப்பார்கள். முதல் வரிசை சின்ன ஊசியில் ஏற்றினாலும் அறுபத்தாறு அறுபத்தாறுதான். மறுபடி எந்தக் குழந்தை மூக்குக்கு அது இறங்குமோ.

அவளுக்குக் குழப்பமே இல்லை. "இதுக்கா இத்தினி நாளா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருந்தீங்க? சனிக்கெழம கெளம்புங்க, நானே வந்து சொல்றேன்" என்றாள்.

போனோம். என் நாற்காலியில் யாரோ நூல் பையை வைத்திருந்தார்கள். என் மனைவி வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், மன்னிப்பு என்ற வார்த்தை இல்லாமல், மளிகைக் கணக்குச் சொல்வது போல. முதலில் சிரித்தது கச்சிராயபாளையத்து அம்மாதான். "எந்தோப்புக் காயா சட்னிக்குப் போச்சு? அதான் அன்னிக்கு சட்னி அப்படி இருந்துச்சு" என்றார். டீச்சர் சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து தேங்காயை எடுத்துத் தொப்பியைக் கழற்றினார். நாள்பட இழுபட்டு அந்தத் தொப்பி பையைப் போல் தொங்கியது. கண்ணுக்குப் பக்கத்தில் என் பென்சில் கோடு இல்லை. நான் டேப்பைச் சுற்றினேன். முப்பத்தாறு. எண்ணை எல்லோரும் குனிந்து பார்க்கும்படி பிடித்தேன்.

"சரி சார், தேங்காய் மாறியிருக்கு" என்றார் டீச்சர். "ஆனாலும் பெரிய ஊசியும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்."

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. போன் செய்யுங்கள், இப்போதே என்றேன். மூன்றாவது முறை லைன் கிடைத்தது. நர்ஸ் குரல் விட்டுவிட்டு வந்தது.

"பச்சைதானே சார், நாலும் நாங்களே வச்சிக்கினோம். அளவா இருந்துச்சு, நெத்தியில தடம்கூட வுழல. ஒண்ணு இங்க இல்ல. அதப் போட்டுக்கினு ஒரு புள்ள வூட்டுக்கே போயிடுச்சு. இன்னும் வேணும் சார், சீக்கிரம் அனுப்புங்க."

நெற்றியில் தடம்கூட விழவில்லை. அந்த வார்த்தையை எல்லோரும் கேட்டார்கள். கேட்டும் டீச்சர், "சந்தோஷம்மா" என்று போனை வைத்தாரே தவிர, என்னைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டதை அன்று மாலை அழித்துவிட்டார். அழித்தது தெரியும்படி ஒரு வரி மட்டும் அங்கே இருக்கிறது. அதற்கு யாரும் கட்டை விரல் போடவில்லை.

ஜன்னலோர நாற்காலியிலிருந்து நூல் பையை எடுத்தார்கள். நான் போய் உட்காருவதற்குள் என் மனைவி அதில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்த இருபத்திரண்டையும் பிரித்து மறுபடி பின்ன வேண்டும், ஆள் போதாது, அவளும் இனி வரட்டும் என்று கச்சிராயபாளையத்து அம்மா சொல்லிவிட்டார். யாரும் என்னைக் கேட்கவில்லை. இப்போது எட்டுப் பேர். எனக்குக் கதவோரம் ஒரு நாற்காலி. வெளிச்சம் வலது தோள் பக்கம் விழுகிறது, நிழல் ஊசி மேலேயே விழுகிறது.

டேப் இன்னும் ஒருவரும் வாங்கவில்லை. கச்சிராயபாளையத்துத் தோப்பிலிருந்து ஒரு மூட்டைத் தேங்காய் வந்தது. அதில் முப்பத்தொன்று தேற பதினான்கு காய் அளக்க வேண்டியிருந்தது. என் டேப்தான், நான்தான் அளந்தேன். இந்த முறை பென்சிலை நம்பவில்லை. அழியாத மையில் 31 என்று பெரிதாக எழுதி, அதன் கீழே "சட்னிக்கு அல்ல" என்றும் எழுதி வைத்தேன். இரண்டாவது வரி தன்னைக் குத்திக்காட்டத்தானே என்று மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

என் ஐம்பத்தாறை நான் மனதுக்குள்தான் எண்ணுகிறேன். உதடு அசைகிறதாம், அதைப் பார்த்தால் கண்ணி நழுவுகிறதாம். ஜன்னலோரத்திலிருந்து போன சனிக்கிழமை புகார் வந்திருக்கிறது.